கோட்டை வாசற் கல்லில் இருப்பது தீர்க்கதரிசனமா?

உப்புவெளி | ஆனி 2, காலை 7.15
திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்ரிக் கோட்டை வாசல் நிலைக்கல்லில் ஒரு தமிழ்ப் பாட்டு வெட்டியிருக்கிறது. முன்னே குளக்கோட்டன் (கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் பழைய அரசன்) கட்டியதைப் பின்னே பறங்கி (போர்த்துக்கேயன்) இடிப்பான் என்று. பறங்கி வரமுந்தியே எழுதி வைத்தது. கல்லில் இருக்கிற விசயத்துக்கு ஆளுக்கொரு வியாக்கியானம் என்னத்துக்கு? கல் பொய் சொல்லுமா?

சாம்பல்தீவு | ஆனி 2, இரவு 9.40
கல் பொய் சொல்லாது. ஆனால் நீங்கள் எழுதியதில் கல் சொன்னது பாதிகூட இல்லை. பாட்டு வெட்டியிருக்கிறது என்பது கல். "இடிப்பான்" என்ற எதிர்காலம் ஊரில் வழங்கும் பாட்டு. "வரமுந்தியே எழுதியது" என்பது அந்த ஊர்ப்பாட்டிலிருந்து நாங்கள் எடுத்த முடிவு. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, மூன்றுக்கும் கல்லைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

ஊர்ப்பாட்டு இது (சொல்லுக்குச் சொல் வேறுபாடு உண்டு, பிறகு வருகிறேன்):

முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப்
பின்னே பறங்கி பிரிப்பானே மன்னாகேள்
பூனைக்கண் செங்கண் புகைக்கண்ணன் போனபின்
மானே வடுகாய் விடும்

கல்லில் இருப்பது இந்தப் பாட்டின் முன்பாதியோடு ஒத்துப்போகிறது. "குள", "மூட்டு", "பறங்கி", "க்கவே", "மன்ன" என்ற அளவில் எழுத்துகள் தெரிகின்றன. வரித் தொடக்கங்களில் சிதைவு. முன்னே என்பதன் மு, பின்னே என்பதன் பி எல்லாம் படித்தவர்கள் நிரப்பியவை. அதற்குக் கீழே "பொண்ணா", "இயற்ற" என்று துண்டு துண்டாகத்தான் மிச்சம். பூனைக்கண்ணும் புகைக்கண்ணும் கல்லில் இல்லை. கல்லின் பின்பாதியை நிரப்பிப் படித்தவர்கள், பின்வரும் அரசர்கள் அதைத் திரும்பக் கட்ட எண்ணார் என்ற கருத்தில் படித்தார்கள். ஊர்ப்பாட்டின் பின்பாதி அது இல்லவே இல்லை.

சாம்பல்தீவு | ஆனி 3, காலை 6.05
நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன். காலம்.

ஊர்ப்பாட்டில் "மூட்டும்", "பிரிப்பானே". இரண்டாவது சந்தேகமில்லாத எதிர்காலம். கல்லில் "மூட்டு", "[பிரி]க்கவே" (அடைப்புக்குள் இருப்பது நிரப்பியது). "மூட்டு திருப்பணி" வினைத்தொகை. மூட்டிய, மூட்டுகின்ற, மூட்டும் என்று மூன்றாகவும் விரிக்கலாம். "பிரிக்கவே" செயவென் எச்சம். பள்ளிக்கூடத்தில் படித்த உதாரணங்களை எடுத்துப் பாருங்கள். "மழை பெய்ய நெல் விளைந்தது" என்றால் பெய்தது முடிந்த காரியம். "நெல் விளைய மழை பெய்தது" என்றால் விளைவது பிறகு. "ஞாயிறு பட வந்தான்" என்றால் இரண்டும் ஒரே நேரம். எச்சம் ஒன்றுதான், முடிக்கும் வினைதான் காலத்தைக் கொண்டுவந்து தருகிறது. எங்கள் கல்லில் முடிக்கும் வினை இருக்கிற இடம் சிதைந்துபோன இடம். நிரப்பிய "எண்ணாரே" சரியென்றே வைத்தாலும் அது எதிர்மறை வினைமுற்று. செய்யான், வாரான் போல அதுவும் முக்காலத்துக்கும் பொது.

ஆகவே கல்லில் மிஞ்சிய பகுதியில் காலம் காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. "பறங்கி பிரித்துப்போட்டான், இனி யார் கட்டப் போகிறார்கள்" என்று அழுகிற பாட்டாகவும் அதைப் படிக்கலாம். "பிரிக்கப் போகிறான்" என்று எச்சரிக்கிற பாட்டாகவும் படிக்கலாம். தீர்க்கதரிசனம் என்ற அர்த்தம் முழுக்க "பிரிப்பானே" என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. அந்தச் சொல் கல்லில் இல்லை.

மட்டிக்களி | ஆனி 3, பகல் 12.30
அப்ப "பிரி" என்றதே நிரப்பியதென்றால், "இடிக்கவே", "அழிக்கவே" என்று ஏன் நிரப்பக்கூடாது? ஊர்ப்பாட்டைப் பார்த்துத்தானே நிரப்பினார்கள்?

சாம்பல்தீவு | ஆனி 3, இரவு 10.20
நல்ல கேள்வி. ஊர்ப்பாட்டை மூடி வைத்துவிட்டு யாப்பை மட்டும் கேட்டுப் பார்ப்போம். பாட்டு வெண்பா. அதில் ஒரு சீர் முடிகிற விதமும் அடுத்த சீர் தொடங்குகிற விதமும் பொருந்தவேண்டும், அதுதான் தளை. நேர், நிரை என்பவை அசைகள், புளிமா, கருவிளம் போன்றவை சீரின் பெயர்கள்.

அசை பிரித்தால் பிரிக்கவே, இடிக்கவே, அழிக்கவே மூன்றும் நிரை நிரை, கருவிளம். முன்னால் "பறங்கி" புளிமா. மாமுன் நிரை, தளை தட்டாது. பின்னால் "மன்னா" நேரில் தொடங்குகிறது. விளமுன் நேர், அதுவும் சரி. தளை மூன்றையும் விடுகிறது.

மோனைதான் பிடிக்கிறது. முதலடியில் ஒன்றாம் சீர் "முன்னே", மூன்றாம் சீர் "மூட்டு". பொழிப்பு மோனை. இரண்டாமடியில் ஒன்றாம் சீர் "பின்னே". மூன்றாம் சீர் "பிரிக்கவே" என்றால் அதே இடத்தில் அதே மோனை விழுகிறது. "இடிக்கவே" என்றால் விழாது. ஆகவே "பிரி" என்று நிரப்பியது யாப்பாலேயே நிற்கும். இப்படி இரண்டு தனி வழியில் ஒரே முடிவு வந்தால் அந்த நிரப்பலை நம்பலாம், அப்போதும் பகர அடைப்புக்குள்தான்.

அதே யாப்பிடம் "பிரிக்கவே"யா "பிரிப்பானே"யா என்று கேட்டால் பதில் வராது. பிரிப்பானே புளிமாங்காய். மாமுன் நிரை சரி, காய்முன் நேர் சரி. மோனையும் அதேதான். காலம் மாறுகிற இடத்தில் யாப்பு கைவிரிக்கிறது. அங்கே எழுத்தைத்தான் கேட்கவேண்டும், எழுத்து "க்கவே" என்கிறது.

சாம்பல்தீவு | ஆனி 4, காலை 5.50
மேலே ஒரு திருத்தம். இரண்டாமடியின் கடைசிச் சீரான தனிச்சொல் "மன்னா" என்று மட்டும் நின்றால், அடுத்து வரும் "பூனைக்கண்" நேரில் தொடங்குவதால் மாமுன் நேர் ஆகித் தளை தட்டும். அதனால்தான் ஊர்ப்பாட்டில் "மன்னாகேள்" அல்லது "மன்னவகேள்" என்று காய்ச்சீராக வழங்குகிறது. கல்லில் "மன்ன" என்பதன் பிறகு என்ன வந்தது என்பதை நிரப்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும், அடுத்த சீர் "பொண்ணா" என்று நேரில் தொடங்கினால் அங்கேயும் காய்ச்சீரோ விளச்சீரோதான் பொருந்தும்.

உப்புவெளி | ஆனி 4, மாலை 4.10
சரி, காலத்தை விடுவோம். பூனைக்கண் ஒல்லாந்தர், செங்கண் இங்கிலிசுக்காரர், புகைக்கண் யப்பான்காரர். 1942இல் குண்டு போட்டார்கள். இது பலித்ததுதானே?

சாம்பல்தீவு | ஆனி 5, இரவு 8.45
வரிசையை எடுத்து வையுங்கள். போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது 1622. ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தது 1639. 1782இல் பிரெஞ்சுக்காரர் கொஞ்சக்காலம் வைத்திருந்தார்கள். 1795இல் பிரித்தானியர். யப்பானிய விமானங்கள் வந்தது 1942 சித்திரை (ஏப்ரல்) 9.

"புகைக்கண்ணன் போனபின்" என்று ஒரு பாடம் (பாட்டு வழங்கும் ஒரு வடிவம்). "புகைக்கண்ணர் ஆண்டபின்" என்று இன்னொரு பாடம். இரண்டும் வெண்பாவுக்குப் பொருந்துகின்றன. ஆண்டபின் என்ற பாடத்தை எடுத்தால் யப்பான்காரர் வெளியே, அவர்கள் இங்கே ஒருநாளும் ஆளவில்லை. போனபின் என்ற பாடத்தை எடுத்தால் வந்து குண்டு போட்டுப் போனவர்களும் உள்ளே வரலாம். பிரெஞ்சுக்காரரைச் சேர்ப்பவர்களுக்கு இரண்டு பாடமும் ஒத்துவரும். கடைசி அடியிலும் இதே கதைதான். "மானே வடுகாய் விடும்", "தானே வடுகாய் விடும்" இரண்டுக்கும் "பூனை"யோடு எதுகை உண்டு. மானே என்றால் வெறும் விளி. தானே என்றால் யாரும் செய்யாமலே நடக்கும் என்று பொருளே வேறாகிறது. வடுகு என்றால் தெலுங்கர். கண்டியில் தெலுங்கு வழிவந்த நாயக்கர் ஆண்டது 1739 முதல் 1815 வரை. அவர்களை மனதில் வைத்தால் இந்த அடி 1942க்குப் பிந்திய எதையும் சொல்லவில்லை.

நான் கவனிக்கச் சொல்வது இதுதான்: ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து நிகழ்வைப் பொருத்தும்போது, பொருந்துகிற பாடத்தைத் தெரியாமலே தெரிவு செய்துவிடுகிறது. பிறகு அந்தப் பாடம்தான் பிள்ளைகளுக்குப் போகிறது. பாட்டு பலித்ததா என்று சோதிக்கவேண்டுமானால் 1942க்கு முன் எழுதப்பட்ட பிரதியில் எந்தப் பாடம் என்று முதலில் பார்க்கவேண்டும். 1942க்குப் பின் அச்சானதை வைத்து 1942ஐ நிரூபிக்க முடியாது.

பாலையூற்று | ஆனி 6, காலை 9.00
கல் எப்போது வெட்டியது என்று சொல்லாமலே போகிறீர்களே.

சாம்பல்தீவு | ஆனி 6, இரவு 11.15
இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று "பறங்கி" என்ற சொல். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505. அதற்கு முந்திய காலத்துக்கு இந்தக் கல்லைக் கொண்டுபோவது கடினம். குளக்கோட்டனே வெட்டி வைத்தான் என்ற கதை இங்கேயே தடைப்படுகிறது.

மற்றது கல்லின் விளிம்பு. கோயில் இடிபட்டபின் அதன் கற்கள் கோட்டைக்குப் போயின. எழுத்து வெட்டிய கல்லைப் பிறகு நிலைக்கு அளவாகச் செதுக்கினார்களா, நிலையில் நட்டபின் எழுத்து வெட்டினார்களா? உளி வெட்டின தடம் எழுத்தின் பாதியில் நேர்கோடாக ஓடினால், எழுத்து முந்தி, நிலை பிந்தி. விளிம்பு உப்புக்காற்றில் பொருக்கு விட்டு வளைந்து வளைந்து உதிர்ந்திருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எழுத்து முந்தி என்று தெரிந்தாலும் 1505க்கும் இடிபாட்டுக்கும் நடுவில் வெட்டிய எச்சரிக்கையா, இடித்தபின், நிலையில் ஏறுமுன் வெட்டிய ஒப்பாரியா என்ற இடைவெளி இருக்கிறது. ஒல்லாந்தரும் பிறகு கோட்டையைத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள், அதனால் வாசல் கட்டிய ஆண்டையும் 1620களோடு முடிச்சுப் போடவேண்டாம்.

மட்டிக்களி | ஆனி 7, காலை 8.20
கையில் போன் இருக்கிறது. போய்ப் படம் எடுத்தால் தெரியாதா?

சாம்பல்தீவு | ஆனி 7, இரவு 9.30
எடுக்கலாம், முறையாக எடுத்தால். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, வாசலில் நிற்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கல்லைத் தொடுகிற எந்த வேலைக்கும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அப்படி.

நேர் வெயிலில் எடுத்தால் எழுத்து தட்டையாகிவிடும். கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல், 10 முதல் 20 பாகை சாய்வில் வெளிச்சம் விழவேண்டும். டோர்ச் லைட்டை ஒரு முழத்துக்கு அப்பால் பக்கவாட்டில் பிடித்து, கமராவை அசைக்காமல் வைத்து, வெளிச்சத்தை மட்டும் சுற்றி நகர்த்துங்கள். இடம், வலம், மேல், கீழ், நான்கு மூலை என்று எட்டுப் படம். ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரியவேண்டும். எட்டிலும், அல்லது அநேகமானவற்றில் தெரிகிற கோடு பெரும்பாலும் உளி வெட்டியது. ஒன்றிரண்டில் மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் கல்லின் வெடிப்பு. ஆனால் வெளிச்சம் போகும் திசையிலேயே ஓடுகிற மெல்லிய கோடு அந்தப் படத்தில் மறையும், அதை வெடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொரு பொறி. எங்கள் கண் வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். கீழிருந்து வெளிச்சம் பிடித்த படத்தைப் பார்த்தால் குழி மேடாகத் தெரியும். வெட்டெழுத்தைப் புடைப்பெழுத்து என்று நினைப்போம், இரண்டு கோட்டுக்கு நடுவிலுள்ள கல்லையே எழுத்தாகப் படிப்போம். படத்தின் மூலையில் வெளிச்சத் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டால் இந்தப் பிழை வராது.

சோக்கு, மஞ்சள்மா, எண்ணெய், பெயின்ற் எதுவும் வேண்டாம். கல் கெடும் என்பது ஒரு பக்கம். எழுத்துக் குழிக்குள் சோக்கால் கோடு இழுத்தால், இழுத்தவரின் வாசிப்பு கல்லில் ஏறிவிடும். அடுத்து வருகிறவர் அந்தச் சோக்கைத்தான் படிப்பார்.

சாம்பல்தீவு | ஆனி 8, காலை 6.30
மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் படி) பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அனுமதியோடு பழகினவர்கள் செய்யவேண்டிய வேலை, முறை மட்டும் சொல்கிறேன். கல்லைத் தண்ணீராலும் நார்த் தூரிகையாலும் கழுவி, பசை ஏற்றாத தடித்த கைத்தாளை நனைத்து ஒட்டி, பன்றிமயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டு போகவேண்டும். நடுவில் தொடங்காவிட்டால் காற்று அடைபட்டுக் கொப்புளம் நிற்கும், அந்த இடத்து எழுத்து போய்விடும். தாளின் மினுக்கம் போய் ஈரம் மட்டும் இருக்கும்போது, பஞ்சைத் துணியில் பொதிந்த ஒற்றியால் விளக்குக்கரி மையை ஒற்றவேண்டும். மேடு கறுக்கும், குழி வெள்ளையாக நிற்கும். மை வெளிப்பக்கம் ஏறுவதால் எழுத்து நேராகவே தெரியும். ஈரம் கூடினால் மை ஊறிக் கல்லில் பிடிக்கும். ஈரம் குறைந்தால் தாள் கல்லை விட்டு எழும்பி, கோட்டின் விளிம்பு மங்கும். கச்சான் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் அந்தப் பதம் நிமிசக் கணக்கில்தான் நிற்கும். விடியற்காலையில், காற்று எழும்பமுந்திச் செய்வது நல்லது.

படி கிடைத்தபின்தான் உண்மையான தொல்லை. பழைய வெட்டில் புள்ளி அநேகமாக இராது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் இல்லை, எகரமா ஏகாரமா என்று படிக்கிறவர்தான் தீர்மானிக்கவேண்டும். காலும் ரகரமும் ஒன்றுபோல நிற்கும். கல்லிலுள்ள "பொண்ணா" என்பதில் முதலெழுத்து பொ என்பதும் போ என்பதும் வாசிப்பவர் தெரிவு. அச்சுப் புத்தகத்தில் நாங்கள் பார்ப்பது இப்படி இருபது முப்பது தெரிவுகள் முடிந்தபின் வந்த பிரதி.

பாலையூற்று | ஆனி 11, மாலை 5.40
அப்படிப் பார்த்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, எல்லாம் ஆளாளுக்கு ஒரு பார்வை என்று முடிந்துவிடுமே.

சாம்பல்தீவு | ஆனி 11, இரவு 10.50
முடியாது. வியாக்கியானம் என்றால் இஷ்டத்துக்குச் சொல்வது என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். சில வாசிப்பு பூட்டும் திறப்பும் போல விழும். கோட்டையில் கிடைத்த இன்னொரு கல், சமஸ்கிருதத்தில், கிரந்த எழுத்தில், சோடகங்கன் என்ற ஒருவர் வந்ததைச் சொல்கிறது. அதில் சக ஆண்டு "சம்பு புஷ்பே" என்று வருகிறது. வெறுமனே படித்தால் சிவனும் பூவும். கடபயாதி முறையில் (மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வாசிக்கும் முறை) படித்தால் எண். தாலவ்ய ச (சிவன் என்பதன் ச) 5, "ம்பு" கூட்டெழுத்தில் கடைசி மெய் ப வர்க்கத்து நான்காவது, 4. பு 1. "ஷ்பே"யில் கடைசி மெய் ப, 1. வலமிருந்து இடம் திருப்பினால் 1145. 78 கூட்டினால் கி.பி. 1223. யார் செய்தாலும் இதே விடைதான். ஆனால் அது கடபயாதி என்று தெரியாதவருக்கு அங்கே ஆண்டே இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் கோணேசர் கல்வெட்டு. பெயரைப் பார்த்துக் கல்லென்று நினைக்கவேண்டாம், அது ஏட்டில் வழங்கிய நூல். குளக்கோட்டன் திருப்பணியைக் கலி (கலியுக ஆண்டு) 512 என்கிறது. கலி என்றே எடுத்தால் கி.மு. 2590. இல்லை, அது சக ஆண்டாக இருந்து பெயர் மாறியது என்றால் கி.பி. 590. கலிக்கும் சகத்துக்கும் 3179 ஆண்டு இடைவெளி, எண் மட்டும் அப்படியே. குளக்கோட்டனையும் 1223இன் சோடகங்கனையும் ஒருவராகக் காண்பவர்கள் மூன்றாவது இடத்துக்குப் போகிறார்கள். இங்கே எண்ணைத் தெளிவாக வாசிக்கலாம், எந்தத் தொடக்கத்திலிருந்து எண்ணுவது என்பதுதான் வழக்கு. கலியைச் சகமாக மாற்றுகிறவர் பிரதியைத் திருத்துகிறார். அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

சாம்பல்தீவு | ஆனி 12, காலை 6.10
கி.மு. 2590 என்றதில், கலி ஆண்டு சென்றதா (முடிந்த ஆண்டுகளின் எண்ணிக்கையா) நடப்பதா (ஓடுகிற ஆண்டா) என்பதைப் பொறுத்து ஒன்று முன்பின்னாகும்.

மட்டிக்களி | ஆனி 19, பகல் 1.00
வாசலில் இருக்கிற இரட்டை மீன்? பாண்டியன் சின்னம் என்பது உறுதிதானே?

சாம்பல்தீவு | ஆனி 19, இரவு 9.10
பலமான வாசிப்பு. 13ஆம் நூற்றாண்டில் வீரபாண்டியன் கோணமலையில் இரட்டைக் கயல் பொறித்ததாகத் தமிழ்நாட்டுக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. கோட்டை வாசலில் கயல் இருக்கிறது. இரண்டும் சேர்கின்றன. ஆனால் நிலாவெளிக் கல்வெட்டைப் பாருங்கள். கோயிலுக்கு 250 வேலி நிலம் கொடுத்ததைச் சொல்லும்போது சுவாமியை மச்சகேஸ்வரத்து மகாதேவர் என்கிறது. மச்சம் மீன். பாண்டியனுக்கு முந்தியே கோயிலின் பெயரில் மீன் இருந்திருக்கிறது. நான் பாண்டியன் பக்கம்தான், ஏனெனில் இரண்டு கயல் சேர்த்துப் பொறிப்பது அவர்களின் முத்திரை வழக்கம். என்றாலும் "உறுதி" என்ற சொல்லை மீனுக்குப் பாவிக்க மாட்டேன்.

அந்த 250 வேலியை ஏக்கராக்கி எழுதுகிறவர்கள் வேலிக்கு ஏறத்தாழ 6.67 ஏக்கர் என்ற தஞ்சாவூர்க் கணக்கைப் போட்டு ஏறத்தாழ 1,670 ஏக்கர் என்பார்கள். நில அளவுகோல் ஊருக்கு ஊர் வேறு. வேலி என்றே எழுதிவிட்டு ஏக்கரைத் தனியாகத் தந்தால் போதும். ஆயிரங்கால் மண்டபமும் இதே சாதி. மதுரையில் அந்தப் பெயருள்ள மண்டபத்துத் தூண்கள் 985. அது பெயர், எண்ணிக்கை என்று எடுத்தால் பிழையாகும்.

உப்புவெளி | ஆடி 3, காலை 7.30
கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலையில் அந்த ஒல்லாந்துப் பெண் பாய்ந்து செத்த தூண்?

சாம்பல்தீவு | ஆடி 3, இரவு 8.20
பிரான்சினா வான் ரீட். தூணில் 1687, ஒல்லாந்து மொழியில் "அவர் நினைவாக நாட்டியது" என்ற கருத்து. நினைவாக என்றவுடன் எங்களுக்குச் சாவுதான் ஞாபகம் வரும், நினைவுக்கல் என்றாலே அப்படித்தான். காதலன் கப்பலேறிப் போக, மலையிலிருந்து பாய்ந்தாள் என்ற கதை அந்த ஒரு சொல்லிலிருந்து முளைத்தது. அவர் அதற்குப் பிறகும் ஒல்லாந்தில் வாழ்ந்து கலியாணம் செய்தவர். வந்துபோனதன் ஞாபகமாகவும் கல் நாட்டுவார்கள். இதில் வாசகத்தைப் பற்றிய வழக்கும் இல்லை, யாப்புச் சிக்கலும் இல்லை. வாசகம் தெரிந்த கல்லே இப்படி ஒரு சாவைப் பெற்றிருக்கிறது.

உப்புவெளி | ஆடி 4, மாலை 6.45
இன்றைக்குக் கோயிலுக்குப் போய்வரும்போது கேட்டுவிட்டு எட்டுப் படம் எடுத்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் "க்கவே" தெளிவாக இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு கோடு இருக்கிறது, ரி போலத்தான் படுகிறது.

சாம்பல்தீவு | ஆடி 4, இரவு 9.55
ரி போலப் படுவது நீங்கள் பிரிக்கவே என்று தெரிந்துகொண்டு போனதாலும் இருக்கலாம். பாட்டுத் தெரியாத, ஆனால் தமிழ் வாசிக்கிற ஒருவரிடம் அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் காட்டி, என்ன எழுத்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேரிடம், ஒருவருக்கொருவர் தெரியாமல். எட்டுப் படத்தையும் குறைக்காமல் இங்கே ஏற்றுங்கள். இடப்பக்க விளிம்பு முழுதாக விழுந்த படம் உண்டென்றால் அதை முதலில்.